பதறாத காரியம் சிதறாது



சென்ற திங்கள் இப்பகுதியில், வாடகை வீடு மாறும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துக் கடிதம் விடுத்த அன்பர் சிலர், "பிறர்க்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல், சங்கத்தின் குறைகளையும் இடையிடையே எழுதலாகாதா?" என்று கேட்டிருந்தனர். கேள்வி நியாயமானதே. இத்திங்கள் அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றுகிறோம். இது நம் சங்கம் செய்த பிழையைப் பற்றியது. அப்பிழையில் இதை எழுதும் நமக்கும் பங்கு உண்டு.

சென்ற பொங்கல் விழாவில் சிறுவர் வினாவிடைப் போட்டி எவ்வாறு முடிந்தது என்பதை நேரில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

போட்டிக்கு ஒரு பொத்தான் பெட்டி வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. எந்தக் குழு முதலில் பொத்தானை அழுத்துகிறதோ, அக்குழுவின் விளக்கு எரிய வேண்டும். மற்றவை அடங்கிவிட வேண்டும். நான்கு குழுக்கள், நான்கு விளக்குகள். கேட்டது அவ்வளவே. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் மின்னணுவியல் படித்துவிட்டு வீட்டு மாடியில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் மூவாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைதானே, எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து, குழுக்கள் ஆறாகிவிட்டன என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அடுத்த வாரம், முப்பது விநாடி ஓடிக் காட்டும் எண்பலகை வேண்டும் என்று மற்றொருவர் சொன்னார். விழாவிற்கு நான்கு நாள் இருக்கையில், மதிப்பெண்ணும் அதிலேயே தெரிந்தால் அழகாயிருக்குமே என்று சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. அந்தத் தம்பி ஒவ்வொரு முறையும் "சரி அண்ணா" என்றார். மறுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுக்கும் வாய்ப்பை நாமும் அளிக்கவில்லை.

விழா நாளில் பெட்டி வந்தது. அவருடைய மேசைமீது, கையளவு ஒயரில், அது பிழையின்றி ஓடியிருந்தது. மண்டபத்திலோ ஒவ்வொரு குழுவிற்கும் இருபதடி ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. மேலே எட்டு மின்விசிறிகள், பக்கத்தில் ஒலிபெருக்கி. மின்விசிறியைப் போடுவதும் நிறுத்துவதும் எழுப்பிய மின்னதிர்வை அந்த நீண்ட ஒயர்கள் வாங்கிக்கொண்டன. யாரும் தொடாமலே மூன்றாம் குழுவின் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர் சண்டையிட்டார்கள். மேடையிலேயே ஒருவர் அந்தத் தம்பியைக் கடிந்துகொண்டார். பிறகு, ஓடாத பெட்டிக்கு மீதிப் பணம் எதற்கு என்று செயற்குழு கைவிரித்தது. அன்றுமுதல் அவருடைய தந்தையார் திங்கள் கூட்டத்திற்கு வருவதில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு கூட்டமும் தவறாதவர் அவர்.

நிற்க. இதனை எண்ணும்போதெல்லாம் நமக்கு நினைவிற்கு வருவது வேறொரு பெட்டி. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் கேரளத்தில் மக்களவைத் தேர்தல் நடந்தது. மத்திய அரசுப் பணியாளர் பலரைப் போல நாமும் வாக்குச் சாவடியில் கண்காணிப்புப் பணிக்கு அனுப்பப்பட்டோம். விடிவதற்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கியது. கட்சி முகவர்கள் முன்னிலையில் ஐம்பது வாக்குகளுக்குக் குறையாமல் பதிந்து, பொறி காட்டிய கணக்கையும் விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட்டு, சரி என்று யாவரும் ஒப்பிய பின்னர் அக்கணக்கை அழித்து, சீட்டுகளைக் கறுப்பு உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். அதன் பிறகே முதல் வாக்காளர் உள்ளே விடப்பட்டார்.

நம் பொத்தான் பெட்டிக்கும் அந்தப் பொறிக்கும் அடிப்படை வேலை ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அது பதிய வேண்டும். உடனே மற்றவை பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியிருக்க, அது எவ்வாறு நிலைத்தது, நம்முடையது எவ்வாறு சிதறியது? வாக்குப் பொறியின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அரசியல் வாதங்களுக்குள் நாம் புகவில்லை. வேலை நடந்த முறையை மட்டும் பார்ப்போம்.

1977-இல் தேர்தல் ஆணையத்தில் இந்த எண்ணம் எழுந்தது. ஐதராபாத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனிடம் வேலை ஒப்படைக்கப்பட்டு, 1979-இல் ஒரு மாதிரி உருவாயிற்று. 1980 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஆணையம் அதனைக் கட்சிப் பிரதிநிதிகளிடம் இயக்கிக் காட்டியது. பின்னர் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்தது. அங்கே இப்பொறியின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்த பொறியாளர் ரங்கராஜன். சுஜாதா என்ற பெயரில் நம் வீடுகளிலெல்லாம் படிக்கப்பட்ட எழுத்தாளர் அவரே.

கேட்டவர் யார், செய்பவர் யார், எது வேண்டும் என்பது அங்கே தெளிவாக இருந்தது. மின்சாரம் இல்லாத சிற்றூரிலும் ஓட வேண்டும்; ஆகவே பாட்டரி. எழுத்தறியாதவரும் வாக்களிக்க வேண்டும். ஆகவே பெயரின் அருகில் சின்னம். அதிகாரி ஒருமுறை திறந்துவிட்டால் ஒரு வாக்குத்தான்; ஆகவே பொத்தான் இருக்கும் பெட்டி வேறு, அதனைத் திறந்துவிடும் பெட்டி வேறு; இரண்டையும் இணைப்பது ஐந்து மீட்டர் ஒயர். சாவடியைப் பிடித்துக்கொண்டு அழுத்தித் தள்ளுபவன் வந்தாலோ? நிமிடத்திற்குச் சில வாக்குகளுக்குமேல் பதிய இயலாதபடி அதன் வேகமே கட்டப்பட்டது. கேள்வி முன்னே வந்தது. கம்பியும் ஒயரும் பின்னே வந்தன.

இவ்வளவு செய்தும் ஒரு படியைத் தாண்டியபோது அவர்களும் வழுக்கினார்கள். அது நடந்தது நம் கேரளத்தில். 1982 மே 19-ஆம் நாள், எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூர்த் தொகுதியில் 84 சாவடிகளுள் 50-இல் இந்தப் பொறி முதன்முதலாகப் பயன்பட்டது. வெற்றி பெற்றவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 123 வாக்குகள். தோற்றவர் வழக்குத் தொடர்ந்தார். வாக்குச் சீட்டைப் பற்றி மட்டுமே சட்டம் பேசுகிறது, பொறிக்கு அதில் இடமில்லை என்று 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மீண்டும் வாக்கெடுத்தார்கள். முன்பு தோற்றவரே வென்றார்.

நேயர்கள் இதனைச் சற்று நின்று எண்ணவேண்டும். பொறி ஓடவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எழுத்தில் இருக்கவேண்டிய ஒப்புதல் இல்லாமல் அதனைப் பயன்படுத்தினீர்கள் என்றே சொன்னது. 1988 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. 1990-இல் வல்லுநர் குழு ஒன்று பொறியை ஆராய்ந்து பயன்படுத்தலாம் என்றது. அப்போதும் ஒரே நாளில் நாடெங்கும் கொண்டுபோகவில்லை. 1998-இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லி ஆகியவற்றில் 16 சட்டமன்றத் தொகுதிகள். 2001-இல் தமிழ்நாடும் கேரளமும் புதுச்சேரியும் மேற்கு வங்கமும் முழுமையாக. 2004-இல் மக்களவைத் தேர்தல் முழுவதும். எண்ணம் தோன்றி இருபத்தேழு ஆண்டுகள்!

அடுத்த செய்தி நம் ஊருக்கே உரியது. தாம் அளித்த வாக்கு யாருக்குப் பதிந்தது என்று வாக்காளர் கண்ணால் காணவேண்டும் என்ற கோரிக்கை 2010-இல் கட்சிகளிடமிருந்து வந்தது. அதற்காக ஒரு சீட்டுப் பொறி உருவாயிற்று. வேட்பாளரின் எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னே ஏழு விநாடி நிற்கும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். இதனைத் தொழிற்கூடத்தில் ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2011 ஜூலையில் ஐந்து இடங்களில் ஒத்திகைத் தேர்தல் நடத்தினார்கள். குளிருக்கு லடாக், மணற்காட்டு வெப்பத்திற்கு ஜைசல்மேர், அடைமழைக்குச் சிரபுஞ்சி, நெருக்கமான நகரத்திற்குக் கிழக்கு டில்லி. ஐந்தாவது இடம் நம் திருவனந்தபுரம்! ஜூலை மாதத்து ஈரக்காற்றில் இங்கே அப்பளமே நமுத்துப் போகும். காகிதம் என்னாகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அந்த ஈரத்திலேயே வைத்துப் பார்த்தார்கள்.

பார்த்ததோடு உடனே வாங்கிவிடவுமில்லை. கண்ட குறைகளைத் திருத்தி 2012-இல் மீண்டும் ஒத்திகை நடத்தினார்கள். 2013 பிப்ரவரியில் வல்லுநர் குழு வடிவத்தை ஒப்பியது. ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. செப்டம்பர் 4-ஆம் நாள் நாகாலாந்தின் நோக்சென் என்ற ஒரே தொகுதியில் முதன்முதல் பயன்பட்டது. 2014-இல் மத்திய சென்னை உள்ளிட்ட எட்டு மக்களவைத் தொகுதிகள். 2019-இல் எல்லாத் தொகுதிகளும். பரவூரில் முந்தியது சட்டத்தால் திரும்பியது; இங்கே விதி முன்னே சென்று பொறி பின்னே வந்தது. ஆயினும் ஐயங்கள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. நாம் சாவடியில் அமர்ந்திருந்த அதே ஏப்ரல் 26-ஆம் நாள்தான், சீட்டுகள் அனைத்தையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்து, சின்னங்களை ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள் பாதுகாக்குமாறு கட்டளையிட்டது. பொறியை ஒப்படைத்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இதையெல்லாம் ஏன் இத்துணை விரிவாக எழுதுகிறோம்? இந்நகரில் 1973-இல் கெல்ட்ரான் தோன்றியது. 1990-இல் டெக்னோபார்க் தோன்றியது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிலுக்குச் சென்றிருக்கிறார்கள். வேலை கிடைக்கும்வரை சிறு ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்பவரும் உண்டு. கடைக்கு எண்பலகை, வீட்டிற்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தானே நிற்கும் மோட்டார், கோயிலுக்கு மணி என்று கேட்பவரும் பெரும்பாலும் நம்மவரே. ஆகவே இரு தரப்பாருக்கும் சில சொற்கள்.

வீடு கட்டும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? வரைபடம் போட்டுப் பார்க்கிறோம். அஸ்திவாரத்திற்கு ஒரு பணம், நிலை வைக்கும்போது ஒரு பணம், தளம் போடும்போது ஒரு பணம் கொடுக்கிறோம். தளம் போட்ட பிறகு அடுக்களையை மேற்கே மாற்றச் சொல்வோமா? சொன்னால் கொத்தனார் கூலி கேட்பார், நாமும் கொடுப்போம். மின்னணுப் பெட்டி கைக்குள் அடங்குவதால் அதன் அஸ்திவாரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வரைவில் இருக்கும்போது ஒரு மாற்றம் ரப்பரால் அழிக்கும் வேலை. மின்சுற்றுப் பலகை அச்சாகி வந்த பின் அதே மாற்றம் புதுப் பலகை, புது உறுப்புகள், மற்றொரு வாரம்.

எனவே கேட்பவர் முதலில் செய்யவேண்டியது, தமக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதுவது. எத்தனை பொத்தான், எவ்வளவு நீள ஒயர், எங்கே வைப்பது, யார் கையாள்வது, எந்நாளில் வேண்டும் என்பன அதில் இருக்கவேண்டும். செய்பவர் அதனைப் படித்துத் தாம் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதித் தரவேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். உறவினர் என்றால் இரண்டு கையெழுத்தாக இடலாம் என்பது நம் கருத்து!

அடுத்தது மாதிரி. அழகு வேண்டா, வேலை செய்தால் போதும். அதனைப் பயன்படுத்தும் இடத்திலேயே, மின்விசிறியும் ஒலிபெருக்கியும் ஓட, வைத்துப் பார்க்கவேண்டும். குறைகளை இருவரும் சேர்ந்து எழுதவேண்டும். அதன் பிறகே முழு வேலை. ஒவ்வொரு படி முடியும்போதும் அதற்குரிய பணம் கைமாற வேண்டும். இடையில் புதிதாக ஒன்று கேட்டால், அதற்கு எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்று செய்பவர் அன்றே சொல்லவேண்டும். தயங்கி 'சரி' என்பது பணிவன்று. பின்னால் வரும் பகைக்கு அதுவே வித்து. கேட்பவர் தரப்பில் பேசும் வாய் ஒன்றாகவே இருக்கவேண்டும். நம் சங்கத்தில் ஏழு வாய்கள் பேசின.

சென்ற ஞாயிறன்று அந்தத் தம்பியின் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் கதவைத் திறந்து, "வாருங்கள்" என்ற ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டார். தம்பி ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து வந்தார். "அண்ணா, நீங்கள் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது" என்றார். நாள்வாரியாக, யார் என்ன சொன்னார் என்று எழுதியிருந்தது. நம் பெயரும் மதிப்பெண் பலகையும் ஒரே வரியில் இருந்தன. உறுப்புகளுக்கு மட்டும் ஆன செலவு 8,650 ரூபாய். நாம் கொடுத்தது 3,000. கூலி என்று அவர் ஒன்றும் எழுதவில்லை. "இதை அன்றே காட்டியிருக்கலாமே, தம்பி" என்றோம். "கேட்டிருந்தால் காட்டியிருப்பேன், அண்ணா" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

மைக்கிற்குப் போடுவது போன்ற உறையிட்ட ஒயரைப் போட்டு, பொத்தான் சுற்றில் சிறு மாற்றம் செய்தால் பெட்டி மண்டபத்திலும் ஒழுங்காக ஓடும் என்பது அவர் கருத்து. அதனை நம்புகிறோம், ஆயினும் மண்டபத்தில் ஓட்டிப் பார்த்த பின்பே நம்புவோம் என்று அவரிடமே சொன்னோம். அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

வரும் பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய இருக்கிறோம். முதலாவது, நிலுவையான 5,650 ரூபாயையும் அவருடைய உழைப்பிற்கு உரிய கூலியையும் உடனே கொடுப்பது. மேடையில் நேர்ந்ததற்குக் கூட்டத்திலேயே வருத்தம் தெரிவிப்பது. இரண்டாவது, அடுத்த பொங்கலுக்குரிய பெட்டியை அவரிடமே, மேற்சொன்ன படிகளின்படி, எழுத்தில் ஒப்படைப்பது. கார்த்திகையில் மண்டபத்தில் ஒத்திகை. சங்கத்தின் சார்பில் பேசுபவர் செயலாளர் ஒருவரே.

அன்பர்கள் தவறாது வந்து வாக்களிக்க வேண்டுகிறோம். அந்தத் தம்பியின் தந்தையாரை அழைத்துவரும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அவர் வழக்கமாக அமரும் முன்வரிசை நாற்காலியை யாரும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைக்கக் கோருகிறோம்.