பூச்சியை அறியாமல் நஞ்சைத் தொடாதீர்

பெங்களூரில், 2025 அக்டோபர் மாதம், எச்.ஏ.எல். பகுதியிலுள்ள ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில், மூட்டைப்பூச்சிக்காக மருந்து தெளிக்கப்பட்டிருந்ததை அறியாமல் வந்து படுத்துறங்கிய ஆந்திர தேசத்து மாணவர் ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தியை வாசித்தவர்களுக்கு, 2022 ஆகஸ்டில் இதே நகரத்து வசந்த நகரில், இதே மூட்டைப்பூச்சிக்காக அடித்த மருந்தின் நெடி தங்கியிருந்த வீட்டில் ஒரு சிறுமி மாண்டதும் நினைவுக்கு வந்திருக்கும். சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கென்று வைத்த மருந்து இரண்டு பாலகர்களின் பிராணனைக் கொண்டுபோனது 2024 நவம்பரில். மூட்டைப்பூச்சி இரத்தத்தை உறிஞ்சும், உறக்கத்தைக் கெடுக்கும், உடம்பெல்லாம் தடிப்பை உண்டாக்கும். ஆயினும் அது மனிதருக்குள் ஒரு நோயைப் பரப்புவதாக இதுவரை சாஸ்திர ரீதியாக நிரூபணமாகவில்லை. உயிருக்கு அபாயம் விளைவிக்காத ஒரு ஜந்துவை ஒழிக்கப் புறப்பட்டு, உயிரையே மாய்க்கும் நஞ்சைப் படுக்கையறைக்குள் நாமே அழைத்து வருகிறோமென்றால், நாம் கைக்கொண்டிருக்கும் முறையில் அடிப்படையாகவே ஒரு கோளாறு இருக்கிறது.

வந்திருப்பது இன்ன பூச்சி, அது வந்த வழி இது, அது தங்கியிருக்கும் இடம் இது என்று விசாரியாமலே மருந்தைத் தேடி ஓடுவதுதான் அந்தக் கோளாறு. நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நம்மில் எவரும் போக மாட்டோம்; பூச்சி விஷயத்திலோ, தொலைபேசியில் கூப்பிட்ட மாத்திரத்தில் முதுகில் டப்பாவைச் சுமந்து வருகிறவர் எதைத் தெளிக்கிறார், எதற்காகத் தெளிக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், அவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

பெங்களூர்வாசிகளுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1898 ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து ரயில் மார்க்கமாக இந்நகருக்குள் பிளேக் நோய் நுழைந்தபோது, அதை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின் உடம்பில் ஒட்டி வாழும் தெள்ளுப்பூச்சியே என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதே ஆண்டில் கராச்சியில் பரிசோதனை செய்து அவ்வுண்மையைக் கண்டறிந்தபோதிலும், உலகம் அதை ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் சென்றன. அதுவரையில் அதிகாரிகள் வீடுகளைக் கிருமிநாசினியால் கழுவினார்கள். ஜனங்களை முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஜனங்களோ அம்மனிடம் முறையிட்டார்கள். அன்று எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. நெருக்கடி தணிந்த பின்னர் இந்நகரம் செய்த காரியம் விவேகமானது. காற்றும் வெளிச்சமும் புகும்படி அகன்ற வீதிகளோடு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. அடுத்த பத்தாண்டில் தண்டு என்னும் கண்டோன்மென்ட் பகுதியில், எலி புகவொண்ணாதபடி வீடுகளை அமைப்பதையே நோக்கமாகக் கொண்டு ஃப்ரேசர் டவுன் எழுந்தது. பூச்சி வாழ இடங்கொடாமல் வீட்டைக் கட்டுவதே முதற் காவல் என்று இந்நகரம் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டிருந்தது.

அடையாளம் அறிவது பண்டிதர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று அஞ்ச வேண்டுவதில்லை. மரக் கட்டிலின் காலடியில் ஒரு நாள் காலையில் தூள் உதிர்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் போடும் பவுடரைப்போல மழமழவென்றிருந்து, மரத்தில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகளும் தென்பட்டால், அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலை. தூளாக இராமல், கசகசாவை ஒத்த சிறு மணிகளாக, உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பட்டைகள் உடையதாக இருந்தால், மண்ணையே தொடாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானின் எச்சம் அது. இரண்டுமின்றிச் சுவரின் அடியிலிருந்து பென்சில் பருமனில் ஈரமண் குழாய் ஒன்று மேலேறி வந்திருந்தால், தரைக்கடியில் கூடு வைத்து வாழும் கரையான் வந்திருக்கிறது. முதல் வகைக்கு அந்த ஒரு கட்டிலைக் கவனித்தாற் போதும். கடைசி வகைக்கோ கட்டிலுக்கு எத்தனை மருந்தடித்தும் பயனில்லை, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணைத்தான் கவனிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே திரவத்தை வீடு முழுவதும் தெளித்துவிட்டுக் கூலி வாங்கிச் செல்வது பாமரத்தனம் மட்டுமன்று, அக்கிரமமும் ஆகும்.

சித்திரை, வைகாசி மழையில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து ஜன்னல் வழியாக வந்ததாயின் விளக்கை அணைத்தாற் போதும். வீட்டுக்குள் நிலைச்சட்டத்தின் விரிசலிலிருந்தே புறப்பட்டு வந்ததாயின் கூடு அருகிலேயே இருக்கிறது என்று பொருள். சிறகு முளைத்த எறும்புக்கும் ஈசலுக்கும் பேதம் காண்பது சுலபம்: எறும்புக்கு இடை சிறுத்திருக்கும், முன்சிறகு பெரிதாகவும் பின்சிறகு சிறிதாகவும் இருக்கும், ஈசலுக்கு நான்கு சிறகுகளும் ஒரே நீளம்.

மூட்டைப்பூச்சிக்கு வருவோம், இந்நகரத்தின் இன்றைய துன்பம் அதுதான். பி.டி.எம். லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஓர் அறைக்கு மூவர் நால்வராகத் தங்கியிருக்கும் இளைஞர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். வெள்ளிக்கிழமை இரவு படுக்கை வசதிப் பேருந்தில் ஊருக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பும் அவர்களுடைய பையிலும் போர்வையிலும் ஏறி அப்பூச்சியும் யாத்திரை செய்கிறது. மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தால் பேனா மையைத் தெளித்தாற்போன்ற கரும்புள்ளிகளும், கழற்றிப் போட்ட மெல்லிய தோல்களும், தையலின் உட்புறத்தில் வெள்ளை முட்டைகளும் காணப்படும். இந்த முட்டைகளைப் பெரும்பாலான தெளிமருந்துகள் கொல்லமாட்டா; ஒன்றிரண்டு வாரத்துக்குள் அவை பொரித்து வெளிவரும். போதாக்குறைக்கு, வீடுகளில் சர்வசாதாரணமாகப் பிரயோகிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளை எதிர்த்து நிற்கும் சக்தியை உலகெங்கும் இப்பூச்சி பெற்றுவிட்டது. ஆகவே ஒரு முறை அடித்தும் சாகவில்லையே என்று மேலும் கொடிய விஷத்தைத் தேடுகிறார்கள். துர்மரணங்களுக்கு இதுவே வாசல்.

ஆனால் மருந்தை எதிர்க்கப் பழகிய அந்த ஜந்துவால் உஷ்ணத்தை எதிர்க்க முடியாது. ஐம்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு உள்ளே வரை ஏறினால் பூச்சியும் மாளும், முட்டையும் மாளும். விரிப்புகளையும் துணிகளையும் கொதிநீரில் துவைத்து, கட்டிலைக் கழற்றி மூட்டுகளில் நீராவியைச் செலுத்தி, மெத்தைக்கு ஜிப் வைத்த உறையிட்டு, சுவர் விரிசல்களைப் பூசி, இரண்டு வாரங்கழித்து மீண்டும் ஒரு முறை இதையே செய்பவர்களுக்கு நஞ்சின் தேவை பெரும்பாலும் குறைந்துவிடும். இது ஓர் அறையோடு நிற்கும் காரியமன்று. பக்கத்து அறைகளையும் சேர்த்துச் செய்யாவிட்டால் பூச்சி சுவரைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்.

கொசு விஷயத்திலும் இதே பிரமைதான். தெருவில் புகை அடித்துச் சென்றால் பறக்கும் கொசுக்களில் சில விழும். காவிரித் தண்ணீர் நாள்தோறும் வாராத வீதிகளில் நாம் மூடி சரியாகப் பொருந்தாமல் வைத்திருக்கும் சம்ப்பிலும் டிரம்மிலும், குளிர்பெட்டியின் பின்புறத் தட்டிலும் நெளியும் புழுக்களை அப்புகை தொடவே தொடாது. கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடங்கொடுக்கும் வீட்டாருக்கு அபராதம் விதித்தது நியாயமே. கொசுவை வளர்ப்பவருக்குத் தண்டனை உண்டென்றால், உறங்குகிறவர் அறையில் சொல்லாமல் நஞ்சைத் தெளிப்பவருக்கு அதனினும் கடுமையான விதி வேண்டாவா?

பூச்சி மருந்துகளுக்கென்று 1968-ஆம் வருஷத்திலேயே மத்திய சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. தொழிலாக மருந்தடிப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், புட்டியின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் உக்கிரத்தைக் காட்டும் வர்ண அடையாளம் இருக்க வேண்டும், சிவப்பே அதிகொடியது. சட்டத்துக்குக் குறைவில்லை; அதை அறையின் வாசல்வரை கொண்டுவருவாரைத்தான் காணோம். 2024-இல் பெங்களூர் மாநகராட்சி விடுதிகளுக்கு விதித்த நிபந்தனைகளில், கண்காணிப்புக் காமிராவும், ஆளொன்றுக்கு 70 சதுர அடி இடமும், 135 லிட்டர் தண்ணீரும் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றோடு இன்னும் ஒன்றையும் எழுத்து மூலமாகச் சேர்க்க வேண்டும்: மருந்தடிப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே குடியிருப்போர் ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு, மருந்தின் பெயரும், அடிப்பவரின் உரிம எண்ணும், எத்தனை மணிக்கு மேல் உள்ளே நுழையலாம் என்பதும் கதவிலேயே ஒட்டப்படல், அதுவரை தங்க மாற்று அறை. ஹெப்பாளத்தில் தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகமும், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் பூச்சியியல் துறையும், மல்லேஸ்வரத்தில் மர விஞ்ஞான ஆய்வு நிலையமும் வாய்த்த இந்த நகரத்தில், ஒரு குடிமகன் தன் வீட்டுப் பூச்சியைச் சீசாவில் அடைத்துக் கொண்டுவந்து, இது என்ன என்று கேட்டு அறிந்து செல்ல வட்டாரத்துக்கு ஒரு நிலையம் அமைப்பது பெரிய செலவன்று.

அதுவரையில் வாசகர்கள் ஒன்று செய்யலாம். மருந்தடிக்க வருபவரிடம் உரிமத்தையும் புட்டியையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவர் யாராயிருந்தாலும், எவ்வளவு மலிவான கூலிக்கு வந்திருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.