பலாலி வழி

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வான்வழியில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர்தான். காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் போர் முடிந்த பிறகும் 2019 வரை, யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வர முதலில் எதிர்த்திசையில் 400 கிலோமீட்டர் போனார்கள். இரவு பஸ்ஸில் கால் மடக்கிக் கொழும்பு, அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையம், பெட்டியோடு வரிசை, பிறகு மறுபடி வடக்கே பறத்தல். விமான அட்டவணையோ அந்தக் கடைசி ஒன்றரை மணியை மட்டுமே பயண நேரம் என்று போட்டது! 2019இல் தொடங்கி, கொரோனாவில் நின்ற பலாலிச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. பாக்கு நீரிணையைக் குறை சொல்லிப் பயனில்லை. குறுக்கே நின்றது போரும் கோப்பும். இனி ஓடுபாதையை நீட்டிப் பெரிய ஜெட்டுகளை வரவிட வேண்டும்; டிக்கெட் விலையும் அப்போதுதான் இறங்கும் என்பது என் கட்சி.