அதே 1080பி தான்... ஆனா புல் மட்டும் ஏன் கூழாகுது? கேம் வீடியோக்களின் குவாலிட்டி கணக்கு!

பிஜிஎம்ஐ ஸ்ட்ரீம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. குவாலிட்டி மெனுவில் 1080பி60 என்று தெளிவாக இருக்கிறது. உங்க நெட்டும் பக்கா. ஆனால் ப்ளேயர் எராங்கல் மேப்பின் புல்வெளியில் ஓட ஆரம்பித்ததும் ஸ்கிரீன் கட்டம் கட்டமாக உடைகிறது, புல் எல்லாம் பச்சைக் கூழாகிவிடுகிறது. 'ப்ரோ, நல்ல போன் வாங்குங்க' என்று கமென்ட்டில் திட்டு விழுகிறது. பல நேரங்களில் போன் மேல் தப்பே இல்லை. நாம் நம்பிப் பார்க்கும் அந்த '1080பி' என்ற எண்தான் பாதி உண்மையைச் சொல்கிறது.

1080பி என்றால் என்ன?

படத்தின் அளவு. அவ்வளவுதான். 1920 x 1080, அதாவது ஒரு ஃப்ரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 12.4 கோடி புள்ளிகள். இதைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு கிட்டத்தட்ட 3 ஜிகாபிட் வேண்டும். ட்விட்ச் தளம் 1080பி60-க்கு ஸ்ட்ரீமர்களிடம் பரிந்துரைத்து வந்தது 6 எம்பிபிஎஸ். அதாவது 500-ல் ஒரு பங்கு. 20 புள்ளிகளுக்கு ஒரே ஒரு பிட் என்ற கணக்கு வருகிறது.

இந்த 'நொடிக்கு எத்தனை பிட்' என்பதுதான் பிட்ரேட். ஏசி வாங்கும்போது '1.5 டன்' என்பது அளவைச் சொல்லும், ஸ்டார் ரேட்டிங்தான் அதன் திறனைச் சொல்லும் இல்லையா? வீடியோவில் 1080பி என்பது டன். பிட்ரேட்தான் ஸ்டார். நமக்குக் காட்டப்படுவது டன் மட்டும்.

கேம் வீடியோவுக்கு மட்டும் ஏன் இந்த அடி?

ஏற்காடு போனவர்களுக்கு இது ஈஸியா புரியும். கரடியூர் வியூ பாயின்ட்டில் ட்ரைபாட் வைத்து பள்ளத்தாக்கை ஷூட் பண்ணுங்க. மலை அசையாது, வானம் அசையாது. 'முந்தைய ஃப்ரேமில் இருந்ததே இங்கேயும்' என்று சொல்லிவிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். வீடியோ சுருக்கம் வேலை செய்வதே இப்படித்தான்.

இப்போ அதே போனை, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸின் ஜன்னலில் பிடிங்க. ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு இலையும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறுகிறது. பழைய ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. கொடுத்த பிட் பத்தாது. படம் கூழாகும்.

கேம் வீடியோ கிட்டத்தட்ட எப்போதும் அந்த பஸ் ஜன்னல்தான். ப்ளேயர் சட்டென்று திரும்பினால் மொத்த ஸ்கிரீனும் மாறும். புல், மழை, புகை, வெடிப்பு எல்லாமே சுருக்கும் சாஃப்ட்வேருக்கு எதிரிகள். செய்தி வாசிப்பாளருக்குப் போதுமான பிட்ரேட், சண்டைக் காட்சிக்குப் போதாது.

ஒரே எண், ரெண்டு தரம்

இது ஏதோ டெக் ஆர்வலர்களின் புலம்பல் இல்லை. 2023-ல் யூடியூப் தன் கட்டணச் சந்தாதாரர்களுக்கு '1080பி பிரீமியம்' கொண்டுவந்தது. புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான், பிட்ரேட் மட்டும் கூடுதல். ஒரே 1080பி-யில் ரெண்டு தரம் இருக்க முடியும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

கோடெக் விஷயமும் இருக்கிறது. ஒரே பிட்ரேட்டில், பழைய ஹெச்.264-ஐ விட விபி9, ஏவி1 ரெண்டும் தெளிவான படம் தரும். ஆனால் சின்ன சேனல்களின் 1080பி வீடியோக்கள் பெரும்பாலும் ஹெச்.264-லேயே நின்றுவிடுகின்றன, அதே வீடியோவை 1440பி-யாக ஏற்றினால் விபி9 கிடைக்கிறது என்பது கேமிங் யூடியூபர்கள் பல வருஷமா சொல்லும் அனுபவம். சாதாரண 1080பி கேமை 1440பி-யாகப் பெரிதாக்கி ஏற்றுவது அதனால்தான்.

மலை மேல் இருப்பவருக்கு டபுள் அடி

கரடியூரிலிருந்து ஒருவர் லைவ் போட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 எம்பிபிஎஸ் அவருக்கு வேண்டியது அப்லோடில். இங்கே 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் டவுன்லோடும் அப்லோடும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரும்பங்கு டவுன்லோடுக்கே. போதாததற்கு, இவ்வளவு உயர் அலைவரிசை மலைச்சரிவைச் சுற்றி வளைந்து வருவதில் ரொம்ப மோசம். சேர்வராயன் மலை மாதிரி மேடு பள்ளமான இடத்தில் இது பெரிய பிரச்னை.

அரசின் அளவுகோலைப் பாருங்க. 2023 முதல் இந்தியாவில் ஒரு இணைப்பை 'பிராட்பேண்ட்' என்று அழைக்க, குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். அப்லோடு பற்றி அந்த வரையறையில் பேச்சே இல்லை. ஆனால் 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் இடம் கொடுத்ததும் இதே அரசுதான். விளையாட்டு என்று அங்கீகரித்துவிட்டு, ஆடுவதை ஊருக்குக் காட்டும் வசதியைக் கணக்கிலேயே எடுக்காவிட்டால் எப்படி?

அப்போ என்ன செய்யணும்?

'பிட்ரேட்டைக் கூட்டினால் டேட்டா காலியாகுமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 6 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி சாப்பிடும். தினம் 1.5 ஜிபி பிளானில் அரை மணி நேரத்தைத் தாண்டினாலே முடிந்தது. அதனால்தான் எல்லோருக்கும் கூட்டச் சொல்லவில்லை, காட்டச் சொல்கிறோம். குவாலிட்டி மெனுவில் 1080பி-க்குப் பக்கத்தில் பிட்ரேட்டையும், மணிக்கு எவ்வளவு டேட்டா என்பதையும் போட்டால் தேர்வு நம் கையில் இருக்கும்.

முடியாத விஷயமும் இல்லை. 2020 மார்ச் 24-ல், லாக்டவுன் தொடங்கிய நேரத்தில், இந்தியாவின் வீடியோ தளங்கள் கூடிப் பேசி மொபைல் நெட்வொர்க்கில் ஏப்ரல் 14 வரை 480பி-யைத் தாண்ட மாட்டோம் என்று முடிவெடுத்தன. நெருக்கடியில் ஒன்றாகத் தரத்தைக் குறைக்க முடிந்தவர்களுக்கு, ஒன்றாக ஒரு லேபிள் ஒட்டுவது கஷ்டமா? கூடவே, நல்ல கோடெக் சேனலின் சைஸைப் பார்க்காமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். 2018-ல் வந்த ஏவி1 ராயல்டி இல்லாத கோடெக். அதை உருவாக்கிய கூட்டமைப்பில் கூகுளும் அமேசானும் இருக்கின்றன.

அதுவரைக்கும் ஸ்ட்ரீமர்களுக்கு ஒரு டிப்: அப்லோடு வேகம் குறைவாக இருந்தால் 1080பி60-ஐப் பிடித்துத் தொங்காதீங்க. 4.5 எம்பிபிஎஸ்ஸில் 720பி60 போட்டால் புல் புல்லாகவே தெரியும். அதுவும் முடியாவிட்டால் போனிலேயே ரெக்கார்ட் பண்ணி, நல்ல வைஃபை கிடைக்கும்போது ஏற்றுங்கள். பார்ப்பவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை படம் உடைந்தால், 'போன் மாத்துங்க ப்ரோ' என்று டைப் பண்ணும் முன்னாடி கொஞ்சம் யோசிங்க. அவர் மலை மேலிருந்து ஸ்ட்ரீம் பண்ணிக்கொண்டிருக்கலாம்.