கேட்கும் செவி



நம் பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கணினியிலும் ஏற்றி வருகின்றோம். மின்தடைக்குக் காப்பாகப் பழைய யூ.பி.எஸ். ஒன்றும் உண்டு. சென்ற மாதம் கணினியை அணைக்காமல் மாலைத் திருப்பலிக்குச் சென்றோம். மின்சாரம் நின்றது. மின்கலம் தீரும்வரை ஓடிய கணினி திடீரென அணைந்தது. அன்று ஏற்றியவை யாவும் அழிந்தன. கையால் எழுதிய ஏடே நம்மைக் காத்தது.

காரணம் யாது? மின்சாரம் தரும் கம்பியில் குறையில்லை. செய்தி தரும் சீரியல் கேபிளில்தான் குறை. ஒன்பது ஊசிகள் கொண்ட கணினி முனையில் 2ஆம் ஊசி செவி. 3ஆம் ஊசி வாய். 5ஆம் ஊசி இருவருக்கும் பொதுவான தரை. ஒன்றின் வாய் மற்றதன் செவியைச் சேர வேண்டும். நாம் வாங்கிய கேபிள் வடிவில் பொருந்தியது, உள்ளமைப்பிலோ பொருந்தவில்லை. சில யூ.பி.எஸ். கருவிகள் தவறான கேபிளைச் செருகியவுடனேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே கணினியை அணைத்த பின்னரே மாற்றினோம். அக்கருவிக்கே உரிய கேபிளை இட்டு, இருபுறமும் வேகத்தை 2400 என ஒன்றாக்கினோம். இப்போது மின்தடையை யூ.பி.எஸ். சொல்கிறது, கணினி அதைக் கேட்டு, கோப்புகளை மூடி, அமைதியாக ஓய்கிறது.

நம் இல்லங்களிலும் தந்தை உழைக்கிறார், தாய் உணவளிக்கிறார். எனினும் ஒருவருடைய உள்ளத்தின் வலு குறைவதை மற்றவர் அறிகின்றாரா? இருவரும் பேசிக்கொண்டே இருப்பின், அது வாயோடு வாயை இணைத்த கம்பியன்றோ? இன்றிரவு குடும்பச் செபத்திற்குப்பின் பத்து நிமிடம் ஒருவர் பேச, மற்றவர் செவிமடுப்பீராக.