கணனிப் பக்கம்: மறுதொடக்கத்தில் மறையும் முகவரி

வலையமைப்புத் துறையிலே வேலை தேடும் எம் இளையோரை மனத்திற்கொண்டு இவ்வாரம் ஒரு பழைய கோளாற்றை எடுத்துக்கொள்கிறோம். பிரேம் ரிலே என்னும் முறை 1990களில் ஒரு நிறுவனத்தின் அலுவலகங்களை ஊர்விட்டு ஊர் இணைத்தது. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வு 1998இல் தொடங்கியபின் பல ஆண்டுகள் மாணவர்கள் இதைப் படித்தே ஆகவேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இது நீக்கப்பட்டது. வழக்கொழிந்ததற்கு ஏன் வைத்தியம் என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நாம் சொல்லவரும் கோளாறு அம்முறையோடு ஒழிந்துவிடவில்லை. அன்றியும், புதிதாக வேலையில் அமர்ந்த ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கவல்ல கோளாறு இது.

ஓர் எடுத்துக்காட்டு. தலைமையகம் ரொறன்ரோவில், கிளைகள் ஒட்டாவாவிலும் மொன்றியலிலும். ஒவ்வொரு கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையே தொலைபேசி நிறுவனம் ஒரு நிலையான சுற்றை ஏற்படுத்தியிருக்கிறது. கிளைக்கும் கிளைக்கும் இடையே சுற்று இல்லை. அதற்குத் தனிப் பணம் கட்டவேண்டும். தலைமையக ரவுட்டரின் முகவரி 10.1.1.1, ஒட்டாவா 10.1.1.2, மொன்றியல் 10.1.1.3. சுற்றுகளுக்கு டி.எல்.சி.ஐ. எனப்படும் எண்கள் உண்டு. ஒட்டாவா தன் சுற்றை 201 என அறியும். மொன்றியல் தன்னுடையதை 301 என அறியும். இவ்வெண் அந்தந்த முனைக்கு மட்டுமே உரியது. ஒரே சுற்றுக்கு இருமுனையிலும் இருவேறு எண்கள் இருப்பது பிழையன்று.

ஒரு பொதியை அனுப்பவேண்டிய ரவுட்டருக்கு, இந்த ஐ.பி. முகவரிக்கு எந்தச் சுற்று என்று காட்டும் பட்டியல் தேவை. அதைத் தானாக நிரப்புவதற்கு 1992இல் வகுக்கப்பட்டதே இன்வேர்ஸ் ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை. சுற்று எனக்குத் தெரியும், அதன் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதே அது கேட்கும் கேள்வி. மறுமுனையில் இருப்பவர் மட்டுமே விடை தருவார். ஆகவே ஒட்டாவா தலைமையகத்தை அறிந்துகொள்ளும். மொன்றியலை ஒருபோதும் அறியாது. இரு கிளைகளும் தலைமையகத்துடன் பேசும், தம்முள் பேசா.

இங்கேதான் புதியவர் அழைக்கப்படுகிறார். அவர் முதலில் எல்.எம்.ஐ. எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். ரவுட்டரும் தொலைபேசி நிறுவனத்தின் சுவிட்சும் வழக்கமாகப் 10 விநாடிக்கொருமுறை நலம் விசாரித்துக்கொள்ளும். கேள்வியும் பதிலும் சேர்ந்தே ஏறவேண்டும். அடுத்தது சுற்றின் நிலை. 'அக்ரிவ்' எனில் நலம். 'இன்அக்ரிவ்' எனில் நம் பக்கம் சரி, மறுமுனையிலே தடை. 'டிலீற்றட்' எனில் அப்படியொரு எண்ணையே சுவிட்ச் அறியாது. எண்ணைத் தவறாக எழுதினோமா என்று பார்த்தபின்னரே தொலைபேசி நிறுவனத்தை அழைக்கவேண்டும். இவ்விரண்டும் சரியானால் மூன்றாவதாகப் பட்டியல்: 'ஷோ பிரேம் ரிலே மப்' என்னும் கட்டளை. நம் எடுத்துக்காட்டில் ஒட்டாவாவின் பட்டியலிலே ஒரே ஒரு வரி இருக்கும்: 10.1.1.1, எண் 201, 'டைனமிக்'. மொன்றியல் இல்லை.

புதியவர் கையால் ஒரு வரியைச் சேர்க்கிறார்: 10.1.1.3க்கு எண் 201. மொன்றியலிலும் அவ்வாறே 10.1.1.2க்கு எண் 301. கிளைகள் தலைமையகத்தின் ஊடாகப் பேசத் தொடங்குகின்றன. மேலாளர் கைகுலுக்குகிறார். அமைப்பும் சேமிக்கப்படுகிறது. எல்லாம் நன்று.

சில வாரங்களின் பின் ஓர் இரவு ஒட்டாவாவில் மின்தடை. ரவுட்டர் மீண்டும் எழுகிறது. சுற்று 'அக்ரிவ்' என்கிறது. ஆனால் தலைமையகத்துக்குப் பிங் செல்லவில்லை. தலைமையகத்தின் பட்டியல் சிதையாதிருந்தால், தொலைவிலுள்ள மொன்றியலுக்குப் பிங் செல்லும். நடுவில் நிற்கும் ரொறன்ரோவுக்குச் செல்லாது! இதைக் கண்டு மருளாதவர் குறைவு. இணைய வழியும் தலைமையகத்தைச் சுட்டியே எழுதப்பட்டிருந்தால் கிளை முழுவதும் முடங்கிவிடும்.

காரணம் சிஸ்கோ ரவுட்டரின் ஒரு விதி. ஒரு சுற்றுக்கு ஐ.பி. வரி ஒன்றைக் கையால் எழுதிவிட்டால், அச்சுற்றில் ஐ.பி.க்கான இன்வேர்ஸ் ஏ.ஆர்.பி. தானாக நின்றுவிடும். முன்னரே அறிந்துவைத்த 'டைனமிக்' வரியோ உடனே அழிவதில்லை; ரவுட்டர் நிற்கும்வரை இருந்துகொண்டே இருக்கும். மறுதொடக்கத்தில் அது போய்விடுகிறது, மீண்டும் கேட்டறிய ஆளில்லை. கையால் எழுதிய வரி மட்டும் மிஞ்சுகிறது. வாரக்கணக்கில் மறைந்திருந்த குறை மின்தடையன்று வெளிப்படுவதால், பழி மின்சாரத்தின்மீதோ தொலைபேசி நிறுவனத்தின்மீதோ விழும். ரவுட்டரை மீண்டும் மீண்டும் அணைத்து எழுப்புபவரும் உண்டு; அதனால் பயன் ஏதுமில்லை.

பரிகாரம் எளிது. ஒரு சுற்றிலே ஒரு வரியைக் கையால் எழுதினால், அச்சுற்றின்வழி செல்லும் எல்லா முகவரிகளையும் கையாலேயே எழுதவேண்டும், ஒட்டாவாவில் 10.1.1.1க்கும் 201 என ஒரு வரி. எழுதியபின், அலுவலகம் ஓய்ந்த நேரத்தில் அனுமதி பெற்று ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பது நலம். 'டைனமிக்', 'ஸ்ரற்றிக்' என்னும் அச்சிறு சொல்லைப் படியாமல் எழுந்துவிடக்கூடாது என்பதே எமது கருத்து. பட்டியலைக் கைவைக்குமுன் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டால், மின்தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஐந்து நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டு சிறு குறிப்புகள். தலைமையகத்துக்கான வரியில் 'புரோட்காஸ்ற்' என்ற சொல்லை விட்டுவிட்டால் பிங் செல்லும், வழிகாட்டும் நெறிமுறைகளின் செய்திகள் செல்லா. மேலும், பல கிளைகள் சேரும் இடைமுகத்தில் ரவுட்டர் தன் சொந்த முகவரிக்கே பிங் செய்ய இயலாது. அதற்கும் பட்டியலில் வரி வேண்டும். அது கோளாறன்று.

இனி, இன்றைய வேலைக்கு வருவோம். பொது இணையத்தின்மீது கிளைகளை இணைக்கும் டி.எம்.வி.பி.என். முறையிலும் இதே பட்டியல் வேறு பெயரில் இருக்கிறது. 1998இல் வகுக்கப்பட்ட என்.எச்.ஆர்.பி. என்னும் நெறிமுறை, சுரங்க முகவரிக்கு எந்தப் பொது முகவரி என்பதை வைத்திருக்கும். கிளைகளில் தலைமையகத்தின் வரியைக் கையால் எழுதுவதே வழக்கம். தலைமையகம் கிளைகளைத் தானாக அறிந்துகொள்ளும். தலைமையகத்தின் பொது முகவரி மாறி, கிளையிலுள்ள பழைய வரி மாறாவிட்டால், கிளை காணாமற்போகும். 'புரோட்காஸ்ற்' சொல்லுக்கு ஈடாக இங்கே 'மல்ரிகாஸ்ற்' வரி ஒன்று உண்டு. மறந்தால் விளைவும் அதுவே.

வீட்டிலே பழக விரும்புவோருக்கு ஜி.என்.எஸ்.3 என்னும் இலவச மென்பொருளில் பிரேம் ரிலே சுவிட்சும் இருக்கிறது. ரவுட்டருக்கான சிஸ்கோ மென்பொருளை மட்டும் முறைப்படி பெறவேண்டும். மூன்று ரவுட்டர்களை மேற்சொன்னவாறு இணைத்து, ஒரு வரியை மட்டும் எழுதிச் சேமித்து, ஒட்டாவாவை அணைத்து எழுப்பிப் பாருங்கள்.