தறி ஓட்டுவதும் அட்டை குத்துவதும்

“தாத்தா, அப்போ இது கம்ப்யூட்டர் இல்லையா?”

எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண், கையிலிருந்த டேப்லெட்டைத் தூக்கிக் காட்டி என்னைக் கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளுக்குப் பதில் எழுதியவன் நான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத இரண்டு வாரம் பிடித்திருக்கிறது. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். அப்பா பக்கத்து ஊர் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா மலையடிவாரத்தில் பூ விற்கிறார். பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றதும் பாப்பா, “ரோபோ கார் பண்ணப் போறேன்” என்றாள். எனக்குச் சென்னையில் ஒரு வேலை இருந்தது. ரிச்சி தெருவுக்குப் போய், சீட்டில் எழுதிக் கொடுத்த சாமான்களை வாங்கி வந்தேன். ஆர்டுயினோ பலகை ஒன்று, மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, மோட்டார்களை ஓட்டும் சிவப்புப் பலகை, புளூடூத் துண்டு ஒன்று, சக்கரம், பேட்டரி. கடைப் பையன் தன் லேப்டாப்பிலிருந்து ஏதோ ஒரு நிரலைப் பலகையில் ஏற்றிக் கொடுத்தான். “டேப்லெட்ல இந்த ஆப்பைப் போட்டுக்கோங்க சார், ஓடும்” என்றான்.

ஓடியது. திரையில் நாலு அம்புக்குறி. முன்னே, பின்னே, இடம், வலம். என் மகன் கழித்துப்போட்ட டேப்லெட்டில் விரலை வைத்துக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். கண்காட்சியில் நடுவராக வந்தவர் பார்த்துவிட்டு, “இதுல நீ என்னம்மா செஞ்சே?” என்றாராம். “வயர் குடுத்தேன் சார், ஓட்டினேன்” என்றாளாம். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வந்து கேட்டாள். “தாத்தா, சுவர் வந்தா இது தானா திரும்பணும். அதுக்கு என்ன பண்ணணும்?” நிரலை மாற்றி எழுத வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். அப்போது கேட்டதுதான் மேலே இருக்கும் கேள்வி.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். கல்யாணமாகித் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டவன் என்று என் மனைவி கேலி செய்வாள். அந்தப் பள்ளியில் லியோன் நகரத்து ஜக்கார்டைப் பற்றி ஒரு பாடம் உண்டு. 1804-ல் அவர் செய்த தறியில், துளை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. பூவும் கொடியும் அந்த அட்டையில் இருந்தன. இன்றைய கணினிக்கு அந்த அட்டைதான் பாட்டன் என்பார்கள். பாப்பாவின் அப்பாவுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஓட்டும் தறியின் தலைமேல் இருப்பது அதே ஜக்கார்டுதான். அவர் சொன்னார்: “சார், தறி ஓட்டுறவனுக்குக் கூலி. அட்டை குத்துறவன்தான் டிசைனர். நான் இருவது வருஷமா ஓட்டுறேன்.”

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. நாலு அம்புக்குறி போட்ட செயலி, குழந்தையைத் தறி ஓட்ட வைக்கிறது. அட்டையைத் தொடவிடுவதில்லை. ரோபோ மென்பொருளை டேப்லெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொண்டுவந்திருப்பது பாதியை. ஓட்டும் பாதி வந்தது. எழுதும் பாதி மேசைக் கணினியிலேயே தங்கிவிட்டது.

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கில்லை. லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3 ரோபோ 2013-ல் வந்தது. அதற்கு டேப்லெட்டில் நிரல் எழுதும் செயலி பிறகு வந்தபோது, கணினியில் இருந்த கட்டளைக் கட்டங்களில் பலவற்றைக் காணோம். 2022 கடைசியில் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வகைச் செயலி உண்டு. அதில் கட்டங்களை அடுக்கி நிரல் மாதிரியே செய்யலாம். ஆனால் நிரல் ஓடுவது டேப்லெட்டுக்குள். ரோபோ வெறும் பொம்மலாட்டப் பொம்மை, புளூடூத் அறுந்தால் நட்டநடுக் கூடத்தில் நின்றுவிடும். மூளை பலகைக்குள் இறங்கினால்தான் அது ரோபோ.

டேப்லெட் விளையாட்டுச் சாமான், நிரல் எழுதுவதைக் கணினியில் கற்கட்டும் என்று படித்த நண்பர்களே சொல்கிறார்கள். எந்தக் கணினியில்? பள்ளி ஆய்வகம் மாலையில் பூட்டப்படும். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016 முதல், தேர்வான பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல திட்டம், ஆனால் அந்த லேபுக்கும் கதவும் பூட்டும் உண்டு. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது கண் திறந்தது, நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது மேல்நிலை வகுப்புக்குப் போனவர்களுக்கு. பாப்பா ஒன்பதாம் வகுப்பு. அவள் வீட்டில் இருப்பது ஒரு போனும் இந்தப் பழைய டேப்லெட்டும். அவளுக்கு அதுதான் கம்ப்யூட்டர். அது கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்வது, உனக்குக் கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

டேப்லெட்டால் முடியாது என்பதும் பொய். 2011-லேயே ஆண்ட்ராய்டு 3.1, யூஎஸ்பி வழியாக வெளிக் கருவிகளோடு பேசக் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டெல்லியில் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் வேகம், அழுத்தினால்தான் கேட்கும் திரை. ஊரே சிரித்தது. ஆனால் அடுத்து வந்த ஆகாஷில் பம்பாய் ஐஐடிக்காரர்கள் சி, பைத்தான், சைலேப் எல்லாவற்றையும் ஏற்றி, மாணவன் அதிலேயே நிரல் எழுத வழி செய்தார்கள். சைலேப் பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் பிறந்த கணக்கு மென்பொருள். ஆகாஷ் தோற்றது, அந்த யோசனை தோற்கவில்லை. பிரிட்டனில் 2016-ல் சுமார் 10 லட்சம் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் பலகையை இலவசமாகக் கொடுத்தார்கள். போனிலிருந்தோ டேப்லெட்டிலிருந்தோ புளூடூத் வழியாகவே நிரலை அதில் ஏற்றலாம். ஏற்றியபின் போனை அணைத்தாலும் பலகை தன் வேலையைச் செய்யும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? ஆர்டுயினோட்ராய்டு என்று ஒரு செயலி இருக்கிறது. நிரலை டேப்லெட்டிலேயே எழுதி, அங்கேயே மொழிமாற்றி, கேபிள் வழியாகப் பலகையில் ஏற்றலாம். நூறு ரூபாய்க்குள் ஓர் ஓடிஜி கேபிள் வாங்கினோம். தூரம் அளக்கும் ஒலி உணரி ஒன்றும் வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போய் இரண்டு மணி நேரம் தேடினோம். எல்லாம் ஆங்கிலம். எனக்கு ஆறு வயதில் பிரெஞ்சில் எண்ணக் கற்றது ஞாபகம் வந்தது. தொண்ணூற்றொன்பதை அங்கே “நாலு இருபது, பத்தொன்பது” என்பார்கள். கணக்கும் புரிய வேண்டும், மொழியும் புரிய வேண்டும், இரண்டு மூட்டையும் ஒரே தோளில். பாப்பாவுக்கும் அதே இரட்டை மூட்டை.

இதில் இன்னொரு வம்பு. பழைய அம்புக்குறி செயலி, புளூடூத் கருவியைத் தேட இருப்பிட அனுமதி கேட்டது. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல் அப்படி ஒரு விதி. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வந்து அதையும் மாற்றி வேறு அனுமதி வைத்தது. “பொம்மைக் கார் ஓட்ட நம்ம வீடு எங்கேன்னு எதுக்குச் சொல்லணும்?” என்று அவள் அம்மா கேட்டதில் என்ன தப்பு? அது மட்டுமா, புதுப்பிக்காமல் விட்ட செயலியைப் புதிய கருவிகளுக்குக் கூகுள் கடையில் காட்டுவதே இல்லை. ஐபேட் என்றால், பாப்பா வாங்கிய விலை மலிந்த புளூடூத் துண்டோடு சாதாரணச் செயலிகள் பேசவே முடியாது. இன்று வாங்கும் ரோபோப் பெட்டி நாலு வருஷம் கழித்துத் திறக்கும்போது, பலகை உயிரோடு இருக்கும், செயலி செத்திருக்கும். மூல நிரல் நம் கையில் இருந்தால் யாராவது ஒரு பொறியியல் மாணவன் அதைப் பிழைக்க வைப்பான். இல்லாவிட்டால் அலமாரிதான் கதி.

இதற்கெல்லாம் மருந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தப்புள்ளியில் இருக்கிறது. கடைசிப் பதினைந்து வருஷம் நான் உட்கார்ந்தது கொள்முதல் பிரிவில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அலுவலகத்துக்குக் கணினி வாங்கினோம். நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று எல்லாம் எழுதினோம். தமிழ் என்ற ஒரு சொல் அதில் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கணினிக்கு உறை போட்டு மூடிவைத்துவிட்டு, பக்கத்திலேயே பழைய தட்டச்சுப் பொறியில் இரண்டு வருஷம் தமிழ் அடித்தோம். 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்து, அதற்கும் பிறகுதான் உறை கழன்றது. அந்த ஒரு வரியை எழுதாத குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

2025 மார்ச் 14 அன்று வாசித்த தமிழக நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். பள்ளிகளுக்கு ரோபோப் பெட்டிகளும் வாங்குகிறார்கள். குறைந்த விலைக்காரரிடம் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விலைப்புள்ளி கேட்கும்போதே இந்த நிபந்தனையைச் சேருங்கள்:

“வழங்கப்படும் ரோபோவுக்கான நிரலை மாணவர் தம்மிடமுள்ள டேப்லெட்டிலோ கைபேசியிலோ, இணைய இணைப்பின்றி, தமிழில் எழுதவும் திருத்தவும் ரோபோவில் ஏற்றவும் இயல வேண்டும். மென்பொருளின் மூல நிரல் துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.”

இரண்டு வாக்கியம். இதைச் சேர்க்கத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அரசாணை தேவையில்லை. கோப்பை முதலில் எழுதும் உதவியாளர் நினைத்தால் போதும். அந்த நாற்காலியில் இன்று இருக்கும் தம்பியோ தங்கையோ இதைப் படித்தால், தயவுசெய்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் கார் எங்கள் கூடத்துச் சுவர்வரை போய், நின்று, தானே திரும்பியது. டேப்லெட் அப்போது மேசைமேல் அணைந்து கிடந்தது. பாப்பாவின் அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு ஓட்டுறா?” என்று கேட்டார்.

“யாரும் ஓட்டலப்பா, நான் எழுதினேன்” என்றாள்.