தொப்பூர்ச் சரிவில் ஒரு வாக்குறுதி

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய், தேசிய நெடுஞ்சாலை 44-இல் விபத்துகளுக்குப் பேர்போன சரிவு. சென்ற மாதம் மஃரிபுக்குச் சற்று முன்னர் எங்கள் கார் அங்கேதான் நின்றுபோனது. முதிய தாயாரும் குழந்தைகளும் உடனிருந்தனர். பின்னால் கனரக லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

இருபத்து நான்கு மணிநேரமும் சாலையோர உதவி உண்டெனக் கூறிக் கார் நிறுவனம் எங்களிடம் பணம் பெற்றிருந்தது. அவ்வெண்ணை அழைத்தோம். ஒவ்வொரு முறையும் புதிய குரல், அதே கேள்விகள். "ஒரு மணி நேரத்தில் வண்டி வரும்" என்ற பதிலை மூன்று முறை கேட்டோம்; வண்டி வரவில்லை. இறுதியில், நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணை அழைத்த பின்னரே ரோந்து வாகனம் வந்து எங்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நிறுவனங்கள் பலவும் இச்சேவையைத் தாமே நடத்துவதில்லை, ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகின்றன. அவரோ உள்ளூர் மீட்பு வண்டியைத் தேடுகிறார். பெருநகரில் அது எளிது. அரூரிலும் பாலக்கோட்டிலும் அரிது. ஆனால், வாக்குறுதியில் அந்த வேறுபாடு சொல்லப்படுவதில்லை.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவுகிறது அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம். விற்றவர் கொடுத்த வாக்கும் அமானிதமே. அதை மீறினால் முறையிடுவது பொறுமைக்கு மாறானதன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கோர வழி தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாம் வாய்மூடியிருந்தால், நாளை அதே சரிவில் இன்னொரு குடும்பம் காத்து நிற்கும்.